சொல்லிவிட்டுப் போனவள்

தண்ணீர்க் குடத்துக்குக் காவல் இருந்த மாமியாரைப் பற்றி யாராவது கேள்விப்பட்டதுண்டா? சிதம்பரத்தில் ஒருத்தி இருந்தாள். பெயர் திலகவதி. மருமகள் இசைவாணிக்கு எட்டாம் மாதம் கால் வீங்கியதும், உடம்பில் தண்ணீர் ஏறிவிட்டது என்று தானே தீர்மானித்து, ஒரு நாளைக்கு நாலு தம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டாள். அடிக்கிற வெயிலுக்கு நாலு தம்ளர் எந்த மூலைக்கு? இசைவாணி குளியலறைக் குழாயில் கையேந்திக் குடித்தாள். கடலூரில் மீன்பிடிக்கிற வீட்டில் சொம்பு சொம்பாகக் குடித்து வளர்ந்த பெண், புகுந்த வீட்டில் தண்ணீரைத் திருடிக் குடித்தாள்.

முப்பத்தாறாம் வாரத்து ஸ்கேனைப் பார்த்ததும் டாக்டர் ஸ்ரீமதியின் முகம் மாறியது. பிள்ளையைச் சுற்றியிருக்கிற பனிக்குட நீர் குறைந்தது எட்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும், ஆறுதான் இருக்கிறது என்றார். நாலு தம்ளர் கதை வெளியே வந்தபோது, கூட வந்திருந்த கணவன் சுரேந்தரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். கால் வீக்கத்துக்காகத் தண்ணீரை நிறுத்துவது எந்த ஊர் வைத்தியம் என்று கேட்டார். நன்றாகக் குடிக்க வேண்டும், இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், அசைவை எண்ண வேண்டும், திங்கட்கிழமை மறுபடி வர வேண்டும். கடைசியாக ஒன்றை இசைவாணியிடம் மட்டும் சொன்னார்.

"ரெண்டு மணி நேரம் படுத்து எண்ணு. பத்து அசைவு வரலன்னா யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத. ஒடனே கெளம்பி வா."

திலகவதி இதையெல்லாம் நம்பவில்லை. காலில் இத்தனை தண்ணீர் இருக்கும்போது வயிற்றில் எப்படிக் குறையும், மெஷின் பொய் சொல்கிறது என்றாள். அப்படிச் சொன்னவள் அன்று சாயங்காலமே காலண்டரைப் புரட்டி, பத்து நாள் கழித்து வைத்திருந்த வளைகாப்பை வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு இழுத்துவிட்டாள். நம்பாதவளுக்கு என்ன அவசரமாம்? சுரேந்தர் வாய் திறந்து கேட்டேவிட்டான். சோறு பரிமாறிக்கொண்டே, மருமகள் எதிரிலேயே, பதில் வந்தது.

"வளையல் போட்டு அனுப்பிட்டா அப்பறம் அவ அம்மா வூட்டுப் பொறுப்பு. நல்லதோ கெட்டதோ, எதா இருந்தாலும் அங்கயே ஆவட்டும்."

இசைவாணிக்குத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. சுரேந்தர் ரசம் கேட்டான்.

கடலூருக்கு போன் போட்டால் அம்மா பொன்னியாவது பதறுவாள் என்று பார்த்தாள். அவளும் பதறத்தான் செய்தாள், ஆனால் வேறு கவலையில். தண்ணீரை நிறுத்தியவளே பிரசவத்தையும் பார்க்கட்டும், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனால் காலத்துக்கும் நம் தலையில் கட்டிவிடுவாள் அந்தப் பொம்பளை என்றாள். ஊரைக் கூட்டியாகிவிட்டதே, வராமலும் இருக்க முடியாது, வருகிறேன் என்று வைத்துவிட்டாள். ஒருத்தி தள்ளினாள், இன்னொருத்தி வாங்கத் தயங்கினாள். உள்ளே இருக்கிற பிள்ளை எப்படியிருக்கிறது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. பெற்றவள் கேட்காததுதான் அதிகம் வலித்தது.

அதற்குப் பிறகு இசைவாணி மாமியார் பார்க்கப் பார்க்கவே குடித்தாள். குடித்துவிட்டுப் படுத்து விரல்விட்டு எண்ணினாள். ஒதைடா கண்ணு, இன்னொண்ணு ஒதை என்று வயிற்றைத் தடவிக்கொண்டே கெஞ்சுவாள். பத்து வந்ததும் மூச்சு வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி பயம் பிடித்துக்கொள்ளும். சனிக்கிழமை பத்து வருவதற்கு இரண்டு மணி நேரமும் முழுசாகப் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். இருபத்தொரு பெண்கள் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். வளையல் சத்தம் கேட்டால் பிள்ளை உள்ளே துள்ளி விளையாடும் என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி சொன்னார்கள். பிள்ளை துள்ளவில்லை. இசைவாணி சிரித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு முடிந்ததும், இரண்டு மணிக்கு, அறைக்குள் போய்ப் படுத்து எண்ணினாள். நாலு மணி ஆனபோது மூன்றுதான் வந்திருந்தது.

சுரேந்தரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் போய் அம்மாவிடம் சொன்னான். கலந்த சோறு வயிறு நிறையத் தின்றிருக்கிறாள், பிள்ளை தூங்குகிறது, நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் வண்டியில் ஏற்றுங்கள் என்றாள் திலகவதி. பொன்னியும் கடலூரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையைத் தூக்கினாள். சண்டைக்காரிகள் இரண்டு பேரும் இதில் மட்டும் எப்படித்தான் ஒத்துப்போனார்களோ. டாக்டரிடம் போக ஐந்து நிமிஷம். கடலூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகிறவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பேசாமல் படியிறங்கிப் போய்விட வேண்டும். இசைவாணி வாசற்படி வரைக்கும் பேசாமல்தான் வந்தாள். அங்கே நின்று, உடம்பையே திருப்பி, மாமியாரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"சொல்லிட்டுத்தான் போறேன் அத்த. புள்ள அசையல. நான் டாக்டர்கிட்ட போறேன்."

திலகவதிக்கு முகம் கறுத்தது.

"வாய மூடிக்கிட்டு எறங்குடி. சொல்லிட்டுப் போனா புள்ளைக்கு ஆவாது."

"சொல்லாம போனாத்தான் ஆவாது."

வண்டி ஓட்டி வந்தவர் அம்மாவின் தம்பி பச்சமுத்து. மாமா, ஆஸ்பத்திரிக்கு விடு என்றாள். அவர் அக்காவைப் பார்த்தார், திலகவதியைப் பார்த்தார், பிறகு இசைவாணியின் முகத்தைப் பார்த்துவிட்டு சாவியைத் திருகினார். பொன்னி ஏறினாள். திலகவதியும், நான் இல்லாமலா என்று, இடித்துக்கொண்டு ஏறினாள். சுரேந்தர் ஏறினானா என்று இசைவாணி பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிள்ளையின் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன் என்றார் டாக்டர். நர்ஸ் வளையலைக் கழற்றச் சொன்னதும் இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில் மறித்தார்கள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் கழற்றக் கூடாதாம். இசைவாணி சோப்பு வாங்கி வீங்கிய கையில் தேய்த்து ஒவ்வொன்றாக உருவினாள். இரண்டு வளையல் உடைந்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. மிச்சத்தை அள்ளி இரண்டு பேர் கையிலும் திணித்தாள்.

"ஆளுக்குப் பாதி வச்சுக்குங்க. புள்ள என்னுது."

பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு. பிறந்ததும் ஒரு நிமிஷம் எல்லோரையும் பயமுறுத்திவிட்டுத்தான் அழுதது. அந்தச் சத்தம் காதில் விழுந்தபோது இசைவாணியும் அழுதாள், மூன்று நாள் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து.

மூன்றாம் நாள் காலை திலகவதி புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வந்த ஆட்களிடமெல்லாம், நல்ல வேளை ஒடனே கூட்டிக்கிட்டு ஓடியாந்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இசைவாணி கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். எல்லோரும் போனதும், எங்க வூட்டு மகாலச்சுமி, என் கையில குடு என்று திலகவதி இரண்டு கையையும் நீட்டினாள்.

இசைவாணி குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"மொதல்ல தண்ணி ஊத்திக் குடுங்க அத்த."

திலகவதி ஊற்றிக் கொடுத்தாள். இசைவாணி அவசரமில்லாமல் குடித்து முடித்துத் தம்ளரை நீட்டினாள். மாமியார் மறுபடி ஊற்றினாள். மருமகள் மூன்றாவதையும் குடித்தாள். நாலாவது முடிந்ததும் திலகவதி சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தைக்குக் கை நீட்டினாள்.

இசைவாணி அந்தக் கையில் தம்ளரை வைத்தாள்.

"அஞ்சாவது."