குமிழி நின்ற இடம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவியும் அவளுடைய தோழியும் பவளப்பாறை பார்க்கக் கடலுக்குள் இறங்கினார்கள். நான் படகில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். அவ்வளவுதான்.

இதில் கதை எங்கே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் இப்படித் தொடங்கினேன்:

கடல் அன்று நீலப் பட்டு விரித்ததுபோல

(விட்டுவிட்டேன். தலை சுற்றிக் கிடந்தவனுக்குப் பட்டு எங்கே தெரிந்தது?)

ஆழத்தில், பவளங்களுக்கு நடுவே, அவள்

(இதையும் விட்டுவிட்டேன். நான் முழங்கால் தண்ணீருக்குக்கூடப் போகவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது கதை எழுதுகிறவனுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.)

ஆகவே படகில் இருந்தவரை வைத்தே சொல்கிறேன். அவரைக் 'கணவர்' என்று குறிப்பிடுவேன். மரியாதையாக எழுதினால் அது நான் இல்லை என்று எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வருகிறது.

2

கணவருக்கு நீச்சல் தெரியாது. மனைவி ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். காலையிலிருந்து மாலை வரை ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று ஒரே வசனத்தைச் சொல்வாள்: "மூச்சை நல்லா இழுத்து அப்படியே பிடிங்க. ஆடாதீங்க. ம், விடலாம்." மூச்சு அசைந்தால் படம் கலங்கிவிடும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதிரே நிற்பவரைப் பிடிக்கச் சொன்னால் அவளும் சேர்ந்து பிடிப்பாள். ஏன் என்று கணவர் ஒரு முறை கேட்டார்.

"எனக்கு முட்டும்போது அவங்களுக்கும் முட்டும்ல. அதுக்குள்ள எடுத்துடணும்."

நியாயமான பதில்தான். ஆனால் வேலையில் பிடித்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போது, மருந்துச் சீட்டில் பொடி எழுத்தைப் படிக்கும்போது, எதையாவது உற்றுப் பார்த்தாலே மூச்சு நின்றுவிடும். நிற்பது அவளுக்கே தெரியாது. கணவர் பக்கத்தில் போய் "விடலாம்" என்பார். அவள் புஸ்ஸென்று விடுவாள். கல்யாணமான புதிதில் பயந்தார், பிறகு பழகிப்போனது.*

* இந்த இடத்தில் கெட்டிக்கார வாசகர்களுக்குக் கதை தெரிந்திருக்கும். மற்றவர்கள் என்னோடு வாருங்கள், எனக்கும் அன்று தெரியவில்லை.

3

தோழியின் பட்டப்பெயர் ரேடியோ. போன் கம்பெனி ஒன்றில் புகார் கேட்கும் வேலை. நாள் முழுக்க ஊரார் பேசுவதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் ஒருவரையும் பேச விடமாட்டாள். அவர்களைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறவரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள்.

மாஸ்டர் மூச்சுக்கு முந்நூறு தரம் ஒன்றையே சொன்னார்: "கீழ என்ன நடந்தாலும் மூச்சை மட்டும் பிடிச்சு வைக்காதீங்க. இழுங்க, விடுங்க. பிடிச்சு வச்சா அதுவே உங்களை மேல தூக்கும். அடைச்ச மூச்சோட மேல வந்தா நுரையீரல் தாங்காது, கிழிஞ்சிடும்."

"என்கிட்ட சொல்லாதீங்க மாஸ்டர்," என்றாள் ரேடியோ. "இவகிட்ட சொல்லுங்க. இவளுக்கு மூச்சைப் பிடிக்கிறதுக்குத்தான் சம்பளமே."

"அது ஆஸ்பத்திரியில. இங்க எதுக்குப் பிடிக்கப் போறேன்?"

கணவரும் சேர்ந்து சிரித்தார். வயிறு புரட்டிக்கொண்டிருந்ததால் அதற்கு மேல் யோசிக்கவில்லை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு படகின் விளிம்பில் உட்கார்ந்த மனைவி அவரைப் பார்த்து, "வரேங்க" என்றாள்.

"சீக்கிரம் வா, வெயில் தாங்கல," என்றார்.

(இந்த வசனத்தை மாற்றலாமா என்று பலமுறை பார்த்தேன். 'பத்திரமா போயிட்டு வா' என்று போட்டால் நன்றாக இருக்கும். ஆனால் சொன்னது வெயிலைப் பற்றித்தான்.)

மூவரும் பின்பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போனார்கள். படகோட்டி ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துகொள்ளச் சொன்னார்.

"கரையைப் பாருங்க சார். தண்ணியைப் பார்த்தா தலை சுத்தும்."

"அவங்க எங்க இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

"அதோ, மூணு இடத்துல குமிழி வருதுல்ல. குமிழி வந்தா மூச்சு விடுறாங்க. அப்புறம் என்ன கவலை?"

இதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். கணவர் கரையை மறந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குமிழியைப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்று ஓயாமல் பொரிந்துகொண்டே இருந்தது. அது ரேடியோ, சந்தேகமே இல்லை. ஒன்று நிதானமாக, பெரிது பெரிதாக வந்தது. அது மாஸ்டர். மிச்சமிருந்த ஒன்றை அவர் தன்னுடையதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

அது நின்றது.

கணவர் முதலில் வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். இரண்டு இடத்தில் குமிழி வந்தது, மூன்றாவது இடத்தில் தண்ணீர் சும்மா கிடந்தது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் சேர்ந்து நினைவுக்கு வந்தது: ஊசியும் நூலும், ஈயக் கண்ணாடி, அடைத்த மூச்சு மேலே தூக்கும் என்று மாஸ்டர் சொன்னது. பக்கத்தில் போய் "விடலாம்" என்று சொல்ல ஆள் இல்லை. கடைசியாக அவளிடம் பேசியது வெயிலைப் பற்றி என்பதும் அந்த நேரம் பார்த்துத்தானா நினைவுக்கு வர வேண்டும்?

"அண்ணே, ஒண்ணு காணோம்."

படகோட்டி கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தார். குமிழி நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கடியில் கருப்பாக, உருண்டையாக ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது. கணவர் மனைவியின் பெயரைச் சொல்லிக் கத்தினார். தலை வெளியே வந்தது.

ஆமை.

புஸ்ஸென்று மூச்சு விட்டு, இழுத்து, கத்துகிற மனிதரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனது.*

* கதைக்காகச் சேர்த்தேன் என்று நினைப்பீர்கள். சேர்ப்பதாக இருந்தால் என் மானம் போகாத பிராணியாகச் சேர்த்திருப்பேன்.

5

அடுத்து என்ன என்பதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் குமிழி வரவே இல்லை. இரண்டு பக்கம், நன்றாகவே வந்திருந்தது. ஒரு பத்திரிகை நண்பர் படித்துவிட்டு, "இதுலதான்யா கனம் இருக்கு" என்றார். ஆனால் அதை எழுதும்போது அடிக்கடி எழுந்துபோய் மனைவி அடுப்படியில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். என்ன வேண்டும் என்று கேட்டாள். தண்ணீர் என்றேன். அன்று குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

பிறகு அவளே படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. என்னை எதுக்குச் சாகடிச்சீங்க?"

"கதைக்கு ஒரு முடிவு வேணும்ல."

"அப்ப நீங்க சாகுங்க. எப்படியும் படகுல பாதி செத்துதானே கிடந்தீங்க."

கிழித்துப் போட்டேன். கிழித்ததும் எனக்கு வந்த நிம்மதி, எழுதி முடித்தபோது வந்ததைவிடப் பெரிது.

இரண்டாவதில் அவள் மேலே வருகிறாள், கணவர் தாவி அணைத்துக்கொள்கிறார், சூரியன் மறைகிறது. (அப்போது உச்சிவெயில். அவர்மேல் அடித்த வாடைக்கு யாரும் அணைக்க வந்திருக்க மாட்டார்கள்.)

மூன்றாவது, நடந்தது. அவள் சொன்னபடியே தருகிறேன்.

"பாறைக்கு அடியில ஆமை தூங்கிட்டு இருந்துச்சுங்க. எழுப்பிடக்கூடாதேன்னு ஆடாம பார்த்துட்டே இருந்தேன். மூச்சைப் பிடிச்சது எனக்கே தெரியல. அது கண்ணைத் திறந்து மெதுவா மேல கிளம்புச்சு. நானும் அதையே பார்த்துட்டு இருக்கேன். அது போகுதுன்னு நினைச்சா, நானும்தான் கூடவே மேல போயிட்டு இருக்கேன். ரேடியோ பாஞ்சு வந்து காலைப் பிடிச்சு இழுத்தா. பாவம், கத்தவும் முடியல அவளால. மாஸ்டர் மூஞ்சிக்கு நேரா வந்து ஊதிக் காட்டுறார். அப்ப உங்க குரல் கேட்ட மாதிரி இருந்துச்சு. விடலாம்னு."

கடைசி வரியைக் கதைக்காகச் சொன்னாளா, நிஜமாகவே கேட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.

படகில் இருந்தவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்த இடத்தில் குபுகுபுவென்று ஒரு குடம் குமிழி வந்தது. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. போன உயிர் வந்தது. அழுதார். படகோட்டி பெரிய மனது பண்ணிக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

6

"ஒண்ணுமே நடக்கலையேய்யா," என்கிறார் பத்திரிகை நண்பர். ஆமாம், நடக்கவில்லை. அதை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றும் நடக்காததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதனுக்கு முடிவு எழுத வராது. கனமான முடிவு வேண்டுபவர்கள் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், என் மனைவியை மட்டும் தொடாதீர்கள். ஆமை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

இதை எழுதும்போது பின்னால் அவள் நிற்கிறாள். தோளுக்கு மேலே எட்டிப் படிக்கிறாள். பொடி எழுத்து. கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு இப்போது படவில்லை. நான் பேனாவை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன்.

"விடலாம்," என்கிறேன்.

"முதல்ல நீங்க விடுங்க," என்கிறாள்.