பையைத் தைத்து மூடிய தெரு

உரிமப் பிரிவு குமாஸ்தாவின் வலது கை ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு மேசைக்கு அடியிலிருந்து நீண்டு, மாடிப்படி இறங்கி, தெருமுனை திரும்பி, தையற்காரியின் கடைக்குள் வந்து நின்றது. துணிக்கடைக்காரர் அளந்து பார்த்ததில் இருநூற்றுப் பத்து முழம். சட்டைக் கை மட்டும் பழைய அளவிலேயே மாடியில் நின்றுவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கை ஒரு சாணுக்கு மேல் நீண்டதில்லை, ஏனென்றால் அது வெறுங்கையாகத் திரும்பியதில்லை. முந்தின நாள் திங்கட்கிழமைதான் அந்த வழக்கம் கெட்டது. பதினைந்து நாளில் கடை உரிமம் புதுப்பிக்காவிட்டால் பூட்டு விழும், மெஷினும் உள்ளே மாட்டிக்கொள்ளும் என்று தையற்காரி போய் நின்றபோது குமாஸ்தா, "கொஞ்சம் பாத்து செய்யுங்கம்மா" என்றார். "பாத்துக்கிட்டுத்தான் சார் இருக்கேன். குடுக்கிறதா இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி வந்துவிட்டாள்.

கை மரியாதையானது. யாரையும் அடிக்காது, தடவிப் பார்க்கும், அவ்வளவுதான். தையற்காரியிடம் ஒன்றும் பெயராததால் அடுத்த கடையில் நுழைந்து முடிவெட்டுபவரின் சட்டைப்பையைத் தடவியது. பாதி மழித்த தாடியோடு வாடிக்கையாளர் காத்திருந்ததால் அவர் எதையோ வைத்து அனுப்பினார். மறுநாள் கை நேரே அவர் வீட்டுக் கதவைத் தட்டியது, அதுவும் காலை ஆறு மணிக்கே. மூன்றாம் நாள் அவர் தையற்காரியிடம் ஓடிவந்து, "அக்கா, இதுக்கு ஒரு வழி சொல்லு, தூங்க முடியல" என்றார். "சட்டையைக் கழட்டு" என்றாள் அவள். பையின் வாயை இரட்டைத் தையல் போட்டு மூடினாள். "பீடியை எங்கக்கா வைக்கிறது?" "காதுல செருகு. இல்ல, விட்டுத் தொல."

நான்கு நாளில் அவளும் அவள் தங்கையுமாகத் தெருவில் உள்ள எல்லாச் சட்டை, பாவாடை, கைப்பை, இடுப்புப்பைகளின் வாயையும் கூலியில்லாமல் தைத்து மூடினார்கள். ஜனங்கள் சில்லறையைச் செருப்புக்குள் போட்டுக்கொண்டு, முள் குத்தியவர்கள் போல நடந்தார்கள். கை வீடு வீடாகத் தடவியது. சாயந்திரம் ஐந்துக்கு மட்டும் அலுவலகத்துக்குச் சுருங்கிப்போனது, ஏனென்றால் அது விதிமுறை தெரிந்த கை. பதினான்காம் நாள் மத்தியானம் அலுத்துப்போய், தையற்காரியின் வெட்டு மேசைமேல் மல்லாந்து விழுந்தது.

அவள் அதைக் குப்புறத் திருப்பி, அடியில் உரிமத் தாளை வைத்து, விரலிடுக்கில் பேனாவைச் செருகினாள். மாடியில் குமாஸ்தா, "யாருடா அது என் கையில பேனா வெச்சது!" என்று அலறியது தெருவுக்கே கேட்டது. கை சற்று யோசித்தது. பழக்கம் விட்டுப்போன வேலை. பிறகு கையெழுத்துப் போட்டது. தாளை அவள் ஊதி உலர்த்துவதற்குள் முடிவெட்டுபவர் தன் விண்ணப்பத்தோடு பின்னால் நின்றார், அவருக்குப் பின்னால் துணிக்கடைக்காரர்.

இப்போது தினமும் பத்தரைக்குக் கை அங்கே வந்துவிடுகிறது. சைக்கிள்காரர்கள் இறங்கி, தாண்டிப் போகிறார்கள். மழை வந்தால் யாராவது சாக்கு போர்த்துகிறார்கள். ஒரு மணிக்கு மேல் வரும் விண்ணப்பத்தை மட்டும் அது தொடுவதில்லை. அதைப் பற்றிப் பேச வியாழக்கிழமை தெருக்கூட்டம்.