மூன்றாம் கையெழுத்து

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு யெர்னேயாவின் மேசையில் தொலைபேசி அடித்தது.

ஸ்லோவேனியாவின் தலைநகர் லியூப்லியானாவில், அரசின் மொழிபெயர்ப்புப் பிரிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு சேர இன்னும் ஐந்து வாரம். மூன்று வருடமாக அந்த அறையில் பதினோரு பேர் ஐரோப்பியச் சட்டங்களை ஸ்லோவேனிய மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். மீன்வலைக் கண்ணின் அளவு, தேன் சீசாவின் லேபிள், ஏணிப்படியின் அகலம்.

"மேடம், மலைப்பக்கம் வேளாண் ஆபீஸ்லேர்ந்து ஸ்டானே பேசறேன். ஒண்ணு கேக்கணும். நான் கேட்டேன்னு வெளிய தெரியக்கூடாது."

"கேளுங்க."

"மலைப் பண்ணை உதவிப் படிவம், ஏழாம் பக்கம், கடைசி வரி. அது யாரு எழுதினது?"

அவள் கோப்பை எடுத்துப் பார்த்தாள். அவள் எழுதியதுதான்.

'உரிமையாளர்களாகிய நாங்கள் கையெழுத்திடுகிறோம்.' இருவர் என்றால் அந்த மொழியில் வினை 'வா' என்று முடியும். மூவரோ அதற்கு மேலோ என்றால் 'மோ'. அவள் 'வா' என்று எழுதியிருந்தாள். அதற்கு முந்தைய பத்தி கணவன் மனைவியைப் பற்றியது. கை அப்படியே ஓடியிருக்கிறது. இருவருக்கென்று தனி வினை இல்லாத ஜெர்மன்காரர் நினைத்தாலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

"தப்புதான். ஏன்?"

"இங்க ஓஷெப் பண்ணைன்னு ஒண்ணு. அக்கா ஒருத்தி, தம்பிங்க ரெண்டு பேரு. பத்திரத்துல மூணு பேரும் இருக்காங்க. படிவம் ரெண்டு பேருக்குத்தான்னு மேலேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க. நாளைக்குக் கடைசி நாள்."

"அதனால?"

"அக்காவோட பங்கை எழுதிக் குடுக்கச் சொல்றானுங்க தம்பிங்க. சும்மா பேப்பருக்குத்தானாம். இன்னிக்கு ரெண்டு மணிக்கு நோட்டரி."

"அவங்க ஒத்துக்கிட்டாங்களா?"

"உதவி வரலைன்னா மாட்டை விக்கணும். அந்தம்மா முப்பது வருசமா வளர்த்து வர்ற மந்தை. ஒத்துக்கிட்டாங்க."

யெர்னேயா பிரிவுத் தலைவர் போகோமிரின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டார்.

"திருத்தம் அரசிதழ்ல வரணும். மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரத்துல அந்தம்மாவுக்கு நிலம் இருக்காது, சார்."

"தப்பு யாரோடது?"

"என்னோடது."

"அதையே எழுது. இது பன்மைன்னு படிக்கணும்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நான் முத்திரை வெக்கறேன். ஃபேக்ஸை ஒத்துக்க மாட்டாங்க, மூலம் வேணும். கார்ல பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு. பத்து மணிக் கூட்டம்?"

"உன் நாற்காலியில என் கோட்டைத் தொங்க விடறேன். அமைச்சகத்துக்காரங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

பள்ளத்தாக்கின் கடைசி வளைவுகளில் பனி இன்னும் உருகவில்லை. அவள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. கிளம்புமுன் அவள் போனில் சொல்லியிருந்ததால் ஸ்டானே பண்ணை வாசலில் நின்றிருந்தான். மதிய இடைவேளையில் வந்ததாகச் சொன்னான். சின்னப் பையன்தான், காதுகள் சிவந்திருந்தன.

சமையலறையில் அக்காவும் தம்பிகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கோதுமைக் களி, புளித்த பால். அக்கா ஆன்ச்கா மட்டும் சர்ச்சுக்குப் போகும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொத்தான்கள் கழுத்துவரை போட்டிருந்தன.

யெர்னேயா நின்றபடியே சொன்னாள். "இந்த வரி தப்பு. நான்தான் எழுதினேன். மூணு பேரும் கையெழுத்துப் போடலாம். யாரும் எதையும் எழுதிக் குடுக்க வேண்டாம்."

சின்னத் தம்பி தீனே கரண்டியை வைத்தான்.

"தலைநகரத்துல மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதாக்கும்."

"வாயை மூடுடா," என்றாள் ஆன்ச்கா. "நான் பண்ணின தப்புன்னு வீடு தேடி வந்து சொல்ற ஆபீசரை நீ எந்தக் காலத்துல பாத்த?"

அவள் கடிதத்தை வாங்கி உதடு அசைய இரண்டு தரம் படித்தாள். முத்திரையை விரலால் தொட்டாள்.

"இந்த ஒரு எழுத்துதானா?"

"ஆமாம்மா."

"அரசாங்கம் சொன்னா காரணம் இருக்கும்னு நெனச்சேன். நான் கல்யாணம் கட்டாதவ, எனக்கு எதுக்கு நிலம்னு நெனச்சிருப்பாங்கன்னு. ராத்திரியெல்லாம் அதையே யோசிச்சேன்."

யெர்னேயா வழியெல்லாம் திட்டு வாங்கத் தயாராகி வந்திருந்தாள். அவள் கையை ஆன்ச்கா தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சொரசொரப்பான, சூடான கைகள்.

"நன்றிம்மா. ரொம்ப தூரம் வந்திருக்க."

"நான்தான் சொல்லணும். ஒரு போன் வரலைன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது."

"யாரு பண்ணினது?"

"யாரோ."

ஸ்டானே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்ச்கா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு தட்டை எடுத்துக் களியை மலை போலக் குவித்து, உருக்கின கொழுப்பை ஊற்றி, அவன் முன்னால் வைத்தாள்.

"அந்த யாரோவுக்குச் சாப்பாடு போடணும்ல. உக்காரு."

"எனக்கு வேலை இருக்கு, ஆன்ச்காம்மா."

"தின்னுட்டுப் போய் வேலையைப் பாரு. எலும்பா இருக்க."

மேசையைத் துடைத்துப் படிவத்தை விரித்தார்கள். பெரிய தம்பி கிரெகோர் முதலில் போட்டான். பிறகு தீனே. இருவரும் நிமிரவில்லை. ஆன்ச்கா மெதுவாக, முழுப் பெயரையும் எழுதினாள். கையெழுத்துக் கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிந்தது. ஸ்டானே கடிதத்தைப் படிவத்தோடு சேர்த்துக் குத்திப் பைக்குள் வைத்தான். நாளைக் காலைத் தபாலுக்கு விடமாட்டேன், நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன் என்றான்.

வெளியே மாடு ஒன்று கத்தியது. ஆன்ச்கா எழுந்தாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கோட்டை ஆணியில் மாட்டினாள். யெர்னேயாவுக்கு ஒரு பாலாடைக் கட்டியைத் துணியில் சுற்றினாள். அவள் வேண்டாம் என்றதைக் காதில் வாங்கவே இல்லை. முடிச்சுப் போட்டபடியே, திரும்பாமல், தம்பிகளைக் கேட்டாள்.

"நோட்டரி ரெண்டு மணிக்குக் காத்துக்கிட்டு இருப்பாரே. அக்கா வரமாட்டான்னு யாருடா போன்ல சொல்றது?"