பாரசூட்டுக்குள் ஒரு குருத்தோலை

விமானத்திலிருந்து குதிக்கிறவனைத்தான் எல்லாரும் வீரன் என்பார்கள். அவன் முதுகிலிருக்கும் பாரசூட்டை மடித்துக் கட்டியவள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன். 1944இல் மன்னாரில் அதை மடித்தவர்களில் நானும் ஒருத்தி. பெயர் அன்ரோனெற். ஊர் பள்ளிமுனை.

அப்போது யப்பான்காரன் வருவான், நீர்மூழ்கிக் கப்பல் வரும் என்று கடற்கரை முழுக்கப் பயம். பாலத்துக்கு அந்தப் பக்கம், உப்பு வெளியையொட்டி வெள்ளைக்காரரின் விமானப்படை முகாம் போட்டிருந்தது. விமானங்கள் காலையில் கிளம்பிக் குடாக்கடலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்பும். படையின் பெண்கள் பிரிவுக்கு உள்ளூரிலும் ஆள் எடுத்தார்கள். கன்னியாஸ்திரிகளிடம் படித்துக் கொஞ்சம் இங்கிலீசு தெரிந்த நாலு பேர் சேர்ந்தோம். நான், என் சிநேகிதி றஞ்சிதம், தலைமன்னாரிலிருந்து ஒரு அக்காவும் தங்கையும். காக்கிச் சட்டை, காக்கிப் பாவாடை, சரித்து வைத்த தொப்பி. ஊரார் விடுவார்களா? ஆகாயத்துக்குப் பாய் சுருட்டப் போகிறாளாம் என்று கடற்கரையில் சிரித்தார்கள். என் அப்பா யாகப்பர் மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. முதல் மாதம் அவர் என்னோடு பேசவேயில்லை. கோபம் வந்தால் எனக்கும் வாய் பூட்டிக்கொள்ளும். அந்த மாதம் முழுக்க அம்மாதான் எங்கள் இரண்டு பேருக்கும் தபால்காரி.

மடிப்பு வேலையை எங்களுக்குப் பழக்கியவர் சார்ஜன்ட் மிஸ் கிளேடன். நெடுநெடுவென்று உயரம், சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. மண்டபத்தில் நாற்பது அடி நீள மேசை. அதில் பாரசூட்டின் பட்டுத்துணியை விரித்து, இருபத்துநாலு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, காற்றுக்கு அசையாமல் ஈயப் பைகளை வைத்து, கயிறுகளைச் சிக்கலில்லாமல் வளைத்துக் கட்டவேண்டும். நடுவில் யாராவது கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால் முழுவதையும் பிரித்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். தலையில் குத்திய ஊசியைக்கூட வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவோம். பட்டும் கயிறும் தவிர வேறொன்றும் பாரசூட் பொதிக்குள் போகக்கூடாது. கட்டி முடித்ததும், பொதியின் சின்னப் பைக்குள் இருக்கும் அட்டையில், மடித்தவள் தன் கையெழுத்தைப் போடவேண்டும். ஒருவனுடைய உயிருக்கு நான் பொறுப்பு என்பது அந்தக் கையெழுத்தின் அர்த்தம்.

ஐந்து மாதம் எங்களுக்குக் கையெழுத்துப் போட அனுமதியில்லை. நாங்கள் மடிப்போம், மிஸ் கிளேடன் போடுவார். உள்ளூர்ப் பெட்டைகளை நம்பி ஆளை ஆகாயத்துக்கு அனுப்ப முடியாது என்று முகாமின் பெரிய அதிகாரி ஒரே பிடியாக நின்றார். மிஸ் கிளேடனும் விடவில்லை. மாசி மாதத்தில் அனுமதி வந்தது. ஒரு பிழை நடந்தாலும் நாலு பேரும் வீட்டுக்குத்தான் என்று அதிகாரி கூடவே சொல்லி அனுப்பியிருந்தார். முதல்முதலாக அட்டையில் என் பெயரை எழுதிவிட்டு நாலு தரம் எடுத்துப் பார்த்தேன். கல்யாணப் பதிவில் கையெழுத்து வைத்தபோதுகூட நெஞ்சு அப்படி அடிக்கவில்லை. இது என் புருஷனுக்கும் தெரியும்.

ஹாரிஸ் என்று ஒருவர் விமானத்தின் பின்பக்கத் துப்பாக்கிக்காரர். வயது முப்பத்தைந்திருக்கும், தலையில் பாதி வழுக்கை. பதினேழாம் இலக்கப் பொதி அவருடையது. முன்பல் விழுந்த தன் மகளின் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்து கிழமைக்கு இரண்டு தரமாவது எங்களுக்குக் காட்டுவார். நாங்களும் ஒவ்வொரு தரமும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்போம்.

அந்த வருஷம் குருத்து ஞாயிறு சித்திரையின் தொடக்கத்தில் வந்தது. கோயிலில் மந்திரித்த குருத்தோலையைப் பள்ளிமுனையில் வீட்டு வாசலில் மட்டும் செருகிவிட்டு விடமாட்டோம். வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், கட்டுவோம், வலையின் தலைக்கயிற்றில் முடிந்துவைப்போம், பிள்ளையின் தொட்டிலில் வைப்போம். எங்கே ஆபத்து உண்டோ அங்கே ஓலை இருக்கவேண்டும். அது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. அடுத்த நாள் பதினேழாம் பொதியை மடித்துக்கொண்டிருந்தேன். விரல் நீளத்தில் ஒரு சின்ன ஓலைச் சிலுவை என் சட்டைக் கைக்குள் இருந்தது. அந்த முன்பல் இல்லாத பிள்ளையை நினைத்தேன். பட்டு மடிப்புக்குள் சிலுவையைச் செருகினேன், கட்டினேன், கையெழுத்துப் போட்டேன். நல்ல காரியம் செய்ததாகவே நினைத்து வீட்டுக்கு வந்தேன். புத்தி கெட்டவள்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை விடிய, நான் வேலைக்கு வெளிக்கிட்டு நிற்கையில் அப்பா கரையில் வலையைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார். தலைக்கயிற்றில் முடிந்த ஓலை எட்டு நாள் வெயிலில் காய்ந்து விறைத்திருந்தது. அதன் கீழே வலை பிய்ந்து தொங்கியது.

“பச்சையாயிருக்கேக்கை துணி மாதிரி. காஞ்சால் கத்தி,” என்றார் அப்பா. “பார், வலையிலை மூண்டு கண்ணை அறுத்துப்போட்டுது.”

தொட்டுப் பார்த்தேன். விரலில் கோடாக இரத்தம் வந்தது. பதினேழாம் பொதிக்குள் வைத்த சிலுவை நினைவுக்கு வந்தது. பருத்தி நூலையே அறுத்தது, பட்டுத்துணியை என்ன பாடு படுத்தும்? ஹாரிஸ் அந்தப் பொதியோடு போன கிழமை மூன்று தரம் பறந்திருந்தார். இன்றைக்கும் எட்டு மணிக்குப் பறக்கப் போகிறார்.

எருக்கலம்பிட்டி ஜுனைதீன்தான் எங்களை ஏற்றிப் போகும் லொறிக்காரர். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்போம். காக்கா, கெதியாய் விடுங்கோ என்று கெஞ்சினேன். அவர் காரணம் கேட்கவில்லை. பாலத்தில் லொறி குதித்த குதியில் நாங்கள் நாலு பேரும் பலகையிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தோம். றஞ்சிதத்தின் காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன்.

“ஒருத்தரிட்டையும் சொல்லாதை,” என்றாள். “பின்னேரம் திரும்பி வருவினம்தானே. சத்தமில்லாமல் எடுத்துப்போட்டுத் திருப்பி மடிப்பம். சொன்னியெண்டால் நாலு பேரையும் கலைச்சுப் போடுவாங்கள்.”

அவள் சொன்னதில் பிழையில்லை. அந்த முகாமில் அதுவரை ஒருவரும் குதித்ததில்லை. ஒரே ஒரு பகல்தான், மாலைக்குள் எல்லாம் சரியாகிவிடும். மனம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? ஆனால் அட்டையில் இருப்பது என் பெயர்.

“இண்டைக்குக் குதிச்சாரெண்டால்?” என்று கேட்டேன். றஞ்சிதம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முகாமுக்குள் போனபோது விமானத்தின் இயந்திரம் இரையும் சத்தம் கேட்டது. நேரே மிஸ் கிளேடனிடம் ஓடினேன். உடைந்த இங்கிலீசில், பதினேழுக்குள் ஓலை வைத்தேன், அது இப்போது காய்ந்திருக்கும், வெட்டும் என்றேன். அவர் என்னை ஏசவில்லை. என் விரலிலிருந்த காயத்தைப் பார்த்தார், தொலைபேசியை எடுத்தார். ஐந்து நிமிடத்தில் இரைச்சல் நின்றது. ஹாரிஸ் பொதியைத் தோளில் போட்டபடி மண்டபத்துக்கு வந்தார். அவருக்குப் பின்னால் மற்ற விமானக்காரரும், கடைசியாகப் பெரிய அதிகாரியும் வந்தார்கள்.

மிஸ் கிளேடன் பொதியை மேசையில் பிரித்தார். மூன்றாம் துண்டில் பட்டு ஒரு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. பக்கத்தில் மஞ்சளாய்க் காய்ந்துபோய் என் சிலுவை கிடந்தது. எனக்குச் செத்துப்போகலாம் போலிருந்தது.

இதைத்தான் நான் அப்போதே சொன்னேன் என்று அதிகாரி தொடங்கினார். இந்த ஊர்ப் பெண்கள், இந்த ஊர்ப் பழக்கங்கள் என்று என்னவெல்லாமோ சொன்னார். எனக்கு முக்கால்வாசி விளங்கியது, மிச்சம் அவர் முகத்தில் விளங்கியது. இவர்களின் கையெழுத்திருக்கும் பொதி அத்தனையையும் இப்போதே பிரித்துப் பார்க்கவேண்டும் என்று கட்டளையிட்டார். பதினேழாம் பொதி போக மொத்தம் முப்பத்தொன்று.

ஒவ்வொன்றாய் மேசைக்கு வந்தது. மிஸ் கிளேடன் இருபத்துநாலு துண்டையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், கயிறுகளை எண்ணுவார், பிறகு இலக்கத்தைச் சத்தமாகச் சொல்வார். அதிகாரி பக்கத்திலேயே நின்று தானும் தொட்டுப் பார்த்தார். தலைமன்னார் அக்கா என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். என்னால் தங்கள் மானமும் போகப்போகிறது என்று றஞ்சிதத்திடம் சொன்னாளாம். நியாயம்தான். ஐந்து முடிந்தது, பத்து முடிந்தது. ஒரு மடிப்புப் பிசகவில்லை, ஒரு கயிறு புரளவில்லை. இருபதைத் தாண்டியதும் விமானக்காரரும் மிஸ் கிளேடனோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். முப்பத்தொன்று என்று அவர்கள் சொன்னபோது மண்டபமே அதிர்ந்தது. எங்கள் நாலு பேரின் கைவேலை, குறை சொல்ல வந்த மனிதரின் கண்ணுக்கு முன்னாலேயே குறையில்லாமல் கிடந்தது. றஞ்சிதம் அழுதாள். தலைமன்னார் அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள்.

அதிகாரி தீர்ப்புச் சொன்னார். மற்ற மூன்று பேரும் வேலையில் இருக்கலாம். எனக்கு ஒரு மாதம் கையெழுத்து இல்லை, அந்த மாதம் மண்டபத்தைக் கூட்டவேண்டும். நான் தலையாட்டினேன். அது எனக்கு வேண்டியதுதான்.

இனி விமானம் கிளம்பவேண்டும், ஹாரிஸுக்கு ஒரு பொதி வேண்டும். மிஸ் கிளேடன் மேசையில் விரிந்து கிடந்த ஒன்றை மடிக்கக் குனிந்தார். ஹாரிஸ் குறுக்கே வந்து, அந்தப் பெண்ணே மடிக்கட்டும் என்று என்னைக் காட்டினார். எல்லாரும் அவரைப் பார்த்தோம்.

“மற்றவர்கள் பிழை விட்டால் எனக்குத் தெரியவராது. இவள் விட்டால் சொல்வாள்,” என்றார்.

இவளுக்கு இப்போது கையெழுத்து இல்லையே என்றார் அதிகாரி. மிஸ் கிளேடன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்றே கால். அப்படிப்பட்ட கட்டளை எழுத்தில் வரவேண்டும், கந்தோரில் அதைத் தட்டச்சு செய்து முடிக்க எப்படியும் பன்னிரண்டு மணியாகும் என்றார், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அதிகாரி அவரைப் பார்த்தார், ஹாரிஸைப் பார்த்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு கந்தோர்ப் பக்கம் நடந்தார். அவர் வழக்கமாக அவ்வளவு மெதுவாக நடக்கிற ஆளில்லை.

மேசைக்கு முன்னால் வந்து நின்றேன். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டி, உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லாரும் காணக் காட்டினேன். பட்டுத்துணியைத் துண்டு துண்டாய் அடுக்கினேன், கயிற்றை வளைத்தேன், கட்டினேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. அட்டையில் என் பெயரைப் பெரிதாகவே எழுதினேன். ஹாரிஸ் அதை வாசித்துவிட்டுப் பொதியைத் தோளில் போட்டார். பரிசோதித்துப் பார்க்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. நேரே விமானத்துக்கு நடந்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கட்டளை வந்தது, என் கைக்குக் கூட்டுகிற தும்புத்தடியும் வந்தது. விமானம் எங்கள் கூரைக்கு மேலாகக் கடலுக்குப் போனபோது மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதிகாரி பார்க்கிறார், கூட்டடி என்று றஞ்சிதம் இடித்தாள். கூட்டினேன். அந்த மண்டபத்தை அன்றைக்குக் கூட்டியதுபோல வேறெந்த வேலையையும் நான் அவ்வளவு பெருமையோடு செய்ததில்லை.