ஒரு வால் போன மயிலழகி

காலை ஏழு மணிக்கே தாளாளர் உத்திராபதியின் கார் ஜெயராணியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. சிதம்பரத்தில் அவர் நடத்தும் பள்ளியில் அவள் மூன்று வருடமாக அறிவியல் டீச்சர். கடலூரிலிருந்து அவர் அவ்வளவு சீக்கிரம் கிளம்பி வந்ததற்குக் காரணம், முந்தின நாள் சாயங்காலம் பள்ளி வாட்ஸப் குழுவில் அவள் போட்ட ஒரு போட்டோ.

ஸ்ரீமுஷ்ணம் ரோட்டோரப் பொரசு மரத்திலிருந்து மூன்று புழுக்களை எடுத்துவந்து, அதே மரத்துத் தழையைப் போட்டு வளர்த்தாள். இரண்டு செத்துப்போயின. மூன்றாவது கூடு கட்டி, நேற்று கறுத்துவிட்டது. நாளைக்கு மயிலழகி வண்ணத்துப்பூச்சி வெளியே வரும் என்று போட்டோவுக்குக் கீழே எழுதித் தொலைத்திருந்தாள்.

தோட்டத்தில் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்த சற்று நேரத்தில் கூடு வெடித்தது. நனைந்து கசங்கிய துணி மாதிரி ஒன்று வெளியே வந்து குச்சியில் தொற்றியது. இறக்கைகள் மெல்ல நீண்டன. கறுப்பின் மேல் பச்சைத் தூள், குறுக்கே நீலப்பச்சைப் பட்டை. வெயில் பட்ட பக்கம் பச்சையாகவும் நிழல் பக்கம் நீலமாகவும் மினுங்கியது. பின் இறக்கைகளில் கரண்டி போல் பக்கத்துக்கொரு வால்.

"அது சாயம் இல்ல டீச்சர், வெளிச்சம்," என்றார் உத்திராபதி. குரல் தணிந்திருந்தது. "நூறு வருஷம் ஆனாலும் மங்காது. எங்கிட்ட ஊசி குத்தி வெச்ச பூச்சி நானூறு இருக்கு. இது மட்டும் முழுசா கெடைக்கல. பறந்துட்டா முள்ளுல கிழிஞ்சிடும். காயட்டும், எடுத்துக்கறேன்."

"பறந்து போவட்டுமே சார்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. "ஜூன்ல உங்க பர்மனென்ட் விஷயம் பேசணும், இல்ல?"

ஒரு மணி நேரம் போனது. இறக்கை விறைத்துவிட்டது. பூச்சி அதை ஒருமுறை திறந்து மூடியது.

"ரெடி," என்று எழுந்த உத்திராபதி, பூச்சியைக் கொல்லும் மருந்துப் பஞ்சு போட்ட புட்டியை எடுக்கக் காருக்குப் போனார்.

அவள் பூச்சியை ஊதிப் பார்த்தாள். நகரவில்லை. உடம்பு இன்னும் சூடேறவில்லை போலும். அதைக் கிளப்ப நேரமில்லை. கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பறவை கொத்தி வால் போன பூச்சிகள் நன்றாகப் பறப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். முழுசாக இல்லாததை அவர் எடுக்கமாட்டார். ஒரு வாலை நகத்தால் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, கிள்ளினாள்.

புட்டியோடு வந்தவர் குனிந்து பார்த்தார்.

"பல்லியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்ல சார். நாந்தான்."

அவர் முகத்தில் கோபத்தைவிட வலிதான் தெரிந்தது. புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டு போய்விட்டார். கார் தெருமுனை தாண்டும் முன்பே பூச்சி எழும்பி, பக்கத்து வீட்டு முருங்கைக்கு மேலே ஏறிப் போனது.

ஜூனில் அவளுக்கு பர்மனென்ட் ஆர்டர் வரவில்லை. சேத்தியாத்தோப்பில் ஒரு பள்ளிக்கு விண்ணப்பித்தாள். பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்று அங்கே தலைமையாசிரியை மங்கலம் கேட்டபோது, நடந்ததை அப்படியே சொன்னாள்.

மங்கலம் அவள் விண்ணப்பத்தை முன்னால் இழுத்து, பேனாவைத் திறந்தார்.

"எட்டாம் கிளாஸ் எடுப்பீங்களா?"