ஐந்து சென்டிமீட்டர்

எங்கள் சோதனைக்கூடத்தில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத பொம்மைகள் வாயைத் திறந்தபடி வரிசையாகப் படுத்திருக்கும். நின்றுபோன இதயத்தை நெஞ்சை அமுக்கி ஓடவைக்கும் முதலுதவிப் பயிற்சிக்குப் போகிறவை. இயந்திரத்தின் கை இறங்கி ஒவ்வொரு நெஞ்சையும் ஐந்து சென்டிமீட்டர் அமுக்கும். அதற்கு எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று பார்த்து நான் கையெழுத்துப் போட வேண்டும். டக், டக், டக். மதியத்துக்கு மேல் நானும் பொம்மைகளும் ஒரே குளத்தின் அடியில் கிடப்பதுபோல் இருக்கும். அப்படியொரு மதியத்தில்தான் போன மாதம் ஒரு தொகுதியின் ஸ்பிரிங் கொஞ்சம் இளக்கமாக இருந்தும், நூலிழை வித்தியாசம்தானே என்று விட்டுவிட்டேன்.

என் கணவர் பேருந்து ஓட்டுநர். ஞாயிறன்று பணிமனையில் முதலுதவிப் பயிற்சி முடித்து, பரிசு வாங்கிய பிள்ளைபோல் வந்தார்.

"உன் பொம்மை பஞ்சு மாதிரி அமுங்குது. இதுக்கா ஒரு நாள் பயிற்சி?"

அவருடன் வண்டியில் வரும் ஒல்லிக்குச்சி நடத்துநரும் வியர்க்காமல் தேறிவிட்டாராம். கைப்பேசியில் படம் காட்டினார். பொம்மையின் கழுத்துச் சீட்டில் எண் தெளிவாகத் தெரிந்தது. நான் விட்டுவிட்ட அதே தொகுதிதான்.

சாப்பிட்டுவிட்டு என் கணவர் தூங்கினார். போன வருடம் ஒருமுறை வலித்த அவர் நெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்தேன். அகலமான, கெட்டியான நெஞ்சு. அது ஏறி இறங்க, நானும் ஏறி இறங்கினேன். வண்டியில் இவர் சாய்ந்தால் முதலில் ஓடிவரப்போவது அந்த நடத்துநர். அவருடைய கைக்குத் தெரிந்ததெல்லாம் நான் அனுப்பிய பஞ்சு. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை மேலாளரிடம் உண்மையைச் சொல்லி, அந்தத் தொகுதி முழுவதையும் திரும்ப வரவழைக்க எழுதிக் கொடுத்தேன். என் வேலையே போய்விடலாம் என்றார். போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். சாயங்காலம், சரியான பொம்மை ஒன்றை அனுமதி வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்து, நடத்துநரை வரச்சொன்னேன்.

அவர் கூடத்துத் தரையில் மண்டியிட்டு அமுக்கினார். பாதிகூட இறங்கவில்லை. முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தை இறக்கச் சொன்னேன். இறங்கியது. சட்டை நனைந்தது.

"அண்ணி, நிஜ ஆளுன்னா விலா எலும்பு ஒடிஞ்சிடாதா?"

"ஒடிஞ்சா ஒட்ட வெச்சுக்கலாம். நீங்க நிறுத்தாதீங்க."

மூச்சு வாங்க எண்ணினார்: பதினேழு, பதினெட்டு. நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்திருந்த என் கணவர், கிண்டல் செய்ய வாயெடுத்தவர், டம்ளரைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்து வந்து உட்கார்ந்து, பொம்மையின் தலை ஆடாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.