நெற்றியில் இரண்டு தட்டு

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டேகாலுக்குப் பிறகு, ஊரில் யார் யாரை இரண்டு முறை தட்டினாலும் தூங்குகிறவர் எழவில்லை. அன்று பால் விலையும் ஏறியிருந்ததால் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அலாரம் இருந்தது, உலுக்கல் இருந்தது, முகத்தில் அடிக்கத் தண்ணீர் இருந்தது. மாட்டிக்கொண்டவள் மூன்றாவது மாடிக்காரி ஒருத்திதான். அவள் கணவன் இடி விழுந்தாலும் அசையாத பேர்வழி. நெற்றியில் இரண்டு விரலால் டொக் டொக் என்று தட்டினால் மட்டும் கண் திறப்பான் என்பதைக் கல்யாணமான மறுநாளே அவள் கண்டுபிடித்திருந்தாள்.

கண்டுபிடித்தது அவள், காப்புரிமைக்கு மனுப் போட்டது அவன். செல்போன் கம்பெனி என்ஜினியரான அவன், தூங்கும் திரையை இரண்டு தட்டில் விழிக்க வைக்கும் வழியை எழுதிக் கொடுத்தான். இருபத்தெட்டுப் பக்க மனுவில் அவள் பெயர் மருந்துக்கும் இல்லை. அவளுக்கு அதில் கோபம்தான், வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். கம்பெனி வக்கீலோ மகா விவரமானவர். ‘உறங்கும் செல்போன்’ என்று எழுதினால் நாளைக்கு எவனாவது கைக்கடிகாரத்தோடு வந்து நழுவிவிடுவான் என்று ‘உறங்கும் எதுவும்’ என்று மாற்றினார். மூன்று தட்டுக்காரனும் தப்பக் கூடாதென்று ‘இரண்டு தட்டு’க்கு முன்னால் ‘குறைந்தது’ என்பதையும் சேர்த்தார். சான்றிதழ் வர ஆறு வருஷமாயிற்று. அதற்குள் போன்கள் பார்த்தாலே விழித்தன, பிறகு கூப்பிட்டாலே விழித்தன, கடைசியில் தூங்குவதையே விட்டுவிட்டன. கம்பெனியும் மூடிக்கொண்டது. போகிற போக்கில் மனுவை அவன் பேருக்கே மாற்றிக் கொடுத்தார்கள். அவன் தினமும் தபால்காரருக்காகக் காத்திருந்து, அலுத்து, தூங்கிப்போவான். அப்படித் தூங்கும்போதுதான், அந்தச் செவ்வாய்க்கிழமை, சான்றிதழ் உறை வந்தது. அவள் ஓடிப்போய்த் தட்டினாள். அவன் எழவில்லை.

வக்கீல் வந்து பார்த்தார். தான் எழுதியது இவ்வளவு உறுதியாக நிற்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை.

“தட்டி எழுப்புற உரிமை இப்ப இவருக்கு மட்டும்தாம்மா. இவரு கையெழுத்துப் போட்டு அனுமதி குடுத்தா நீங்க தட்டலாம்.”

“முழிச்சாத்தானே சார் கையெழுத்துப் போடுவாரு?”

“அதுல ஒரு சிக்கல் இருக்கு,” என்று ஒப்புக்கொண்டார்.

அவன் கையைப் பிடித்து அவன் நெற்றியிலேயே தட்டிப் பார்த்தாள். ஆட்டிவைத்தது அவள் என்பதால் அது செல்லுபடியாகவில்லை. அவன் தூக்கத்திலேயே பால் குடித்தான். வாரம் ஒருமுறை அவளே சவரம் செய்துவிட்டாள். மூன்றாம் மாதம் ஒரு பெரிய கம்பெனியின் ஆள் சூட்கேஸோடு வந்தான். அவர்கள் போன்களில் தட்டுகிற வேலையே இல்லை, எதிராளிகளை மிரட்டத்தான் அந்தக் காகிதம் வேண்டும் என்றான். விற்பதற்குத் தூங்குகிறவரின் கட்டைவிரல் ரேகையே போதுமாம், தட்டும் அனுமதிக்குத்தான் விழித்துப் போட்ட கையெழுத்து வேண்டுமாம். சொன்ன விலையில் இன்னொரு வீடே வாங்கலாம்.

“அப்புறம் நான் இவரை எழுப்பலாமா?”

“தினமும் ஒரு மனு போடுங்க மேடம். பரிசீலிப்போம்.”

ஒரு வாரம் யோசித்தாள். பொய் சொல்வானேன், எட்டு நாள். பிறகு, “எம் புருஷனை எழுப்ப நான் எவன்கிட்ட கேக்கணும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டு, அதே வக்கீலை வைத்துக் கணவனின் காப்புரிமையை எதிர்த்து வழக்குப் போட்டாள். வீட்டுக்குள் தட்டியது சாட்சியாகாது, மனுவுக்கு முன்பே நாலு பேர் பார்த்திருந்தால்தான் காப்புரிமை செல்லாமல் போகும் என்றார் வக்கீல். மனுவுக்கு முந்தைய வருஷத்துப் பழைய கம்பெனி ஆண்டுவிழா வீடியோ ஒன்று அகப்பட்டது. மேடையில் மேனேஜர் பேசுகிறார், முன்வரிசையில் இவன் குறட்டை விடுகிறான், இவள் தட்டுகிறாள், இவன் எழுந்து கைதட்டுகிறான். காப்புரிமை அலுவலக அதிகாரிகள் அதை நாலு முறை போட்டுப் பார்த்தார்கள். தூங்கிவிட்ட ஓர் அதிகாரியைத் தண்ணீர் தெளித்து எழுப்ப வேண்டியிருந்தது. மூன்று வருஷம் கழித்துக் காப்புரிமை ரத்தானது.

தீர்ப்போடு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், நெற்றியில் டொக் டொக் என்று தட்டினாள். அவன் கண்ணைத் திறந்தான்.

“தபால்காரர் வந்தாரா?”

“வந்தாரு, போயிட்டாரு. இனிமே யாரு வேணும்னாலும் தட்டிக்கலாம். எந்திரிங்க.”

“அப்ப இன்னும் அஞ்சு நிமிஷம்,” என்று அவன் திரும்பிப் படுத்தான்.

அந்த ஐந்து நிமிஷமும் அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் நகர்ந்ததும் மறுபடி தட்டினாள். அவன் எழுந்து பல் விளக்கப் போனான்.